கண்துளை வைத்த மாச்சாக்கு

மாரி மழை மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், என் இளைய மருமகன் கத்தாரிலிருந்து கொண்டுவந்த சட்டையொன்றை அணிந்து முற்றத்தில் நின்றார். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கென்றே தைத்ததாம். காற்றுப் புகாது, தண்ணீர் ஊறாது, உள்ளே மெத்தை போன்ற துணி. அக்கரைப்பற்றுக்கு வேலைக்குப் போகிறவருக்கு இவ்வளவு கவசமா என்று நான் மனத்துள் சிரித்துக்கொண்டிருக்கையில், அவர் சட்டைப் பையிலிருந்து கறுப்புத் துணியொன்றை எடுத்துத் தலைவழியே இழுத்து மாட்டினார். முகம் மறைந்தது. இரண்டு கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

"அதக் கழட்டுங்க மகன்" என்றேன்.

"ஏன் மாமா? குளிருக்குத்தானே."

"கழட்டுங்க எண்டாக் கழட்டுங்க!"

அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் கேட்டிராத குரல் அது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது. "மாமாக்கு அது ஒத்துக்காது மகன். ரோட்டுக்குப் போய்ப் போட்டுக்கங்க" என்று மெதுவாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

நண்பரே, முகத்தை மூடும் துணி எனக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது என்பதை எழுதவே உட்கார்ந்தேன். குளிருக்கு அஞ்சி நான் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டினால் என் நண்பன் ஒருவன் பிடிபட்டான். அவனைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆயினும், குளிரைச் சொல்லாமல் அதைச் சொல்ல இயலாது.

கல்முனையில் ஏது குளிர் என்று வெளியூரார் சிரிப்பார்கள். வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவந்த ஒரு வியாபாரி எங்கள் மார்கழியில் வெறும் பனியனோடு சந்தையில் நின்றதை நானும் கண்டிருக்கிறேன். அவர் நின்றார், நான் ஓட்டினேன். வித்தியாசம் அதுதான். வாடைக்காற்று கடலிலிருந்து ஏறும் நாள்களில், விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, ஈரச் சட்டையுடன் வெட்டவெளி வயல்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் போனவருக்கே அது தெரியும். குளிர் முதலில் முழங்காலைப் பிடிக்கும். பிறகு விரல்கள் நம்முடையவை அல்லாமற்போகும். கடைசியாகத் தாடை தன்பாட்டில் ஆடத் தொடங்கும். அதை நிறுத்த நம்மிடம் எந்த அதிகாரமும் இராது.

எழுபதுகளின் கடைசியில் என் வாப்பா முழங்கால் வாதத்தால் படுத்துவிட, அவர் பார்த்துவந்த வட்டை விதானைப் பொறுப்பு எனக்கு வந்தது. வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாலமான கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் இருந்த எங்கள் வட்டைக்கு, அதாவது வயற்பரப்புக்கு, வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துத் திறப்பதும் அடைப்பதும், மாரியில் மிகுந்த வெள்ளத்தை வடியவிடுவதும், வரம்புச் சண்டைகளைத் தீர்ப்பதும் விதானையின் வேலை. வெள்ளாமைக்காரர்கள் கூடித் தெரிவுசெய்வார்கள். இருபத்தாறு வயதில் 'விதானையார்' என்று நரைத்த மனிதர்கள் அழைத்தபோது எனக்கு ஓரங்குலம் உயரம் கூடியது உண்மை. அந்த உயரத்துக்கு ஏற்றபடி ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கினேன். சிவப்பு நிறம், தொண்ணூறு சி.சி.; ஒரு பாடசாலை அதிபர் ஓட்டிப் பழசாக்கியது. காலை மறைக்கும் தகடு இடப்பக்கம் உடைந்திருந்தமையால் என் இடது முழங்காலுக்கு மட்டும் வாடைக்காற்று தனிக் கவனத்துடன் வீசும்.

குளிர் போக்கும் கலையில் என் முதற்பாடம் பத்திரிகை. பழைய நாளேட்டை நாலாக மடித்துச் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவே செருகினால் நெஞ்சுக்குக் காற்று வராது. ஒருநாள் தெப்பமாய் நனைந்து வீடு சேர்ந்து சட்டையைக் கழற்றினேன். பனியனில் ஒரு மரண அறிவித்தல் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. என் மனைவி விளக்கைப் பிடித்து வாசிக்க முயன்றாள்.

"ஆர்ர மௌத்துங்க இது? முகம் பாக்கிற கண்ணாடியக் கொண்டுவந்தாத்தான் வாசிக்கலாம் போல."

"போட்டுத் தோய்ச்சி எடுகா" என்றேன். சிரித்தோம். பனியனைக் காயப்போட்ட பின்னும் அந்தக் கறுப்புக் கட்டம் மங்கலாக இருந்தது. நான் அதைப் பிறகு உடுத்தவில்லை.

இரண்டாம் பாடம் பிட்டு. இது கனகரெத்தினத்தின் வழிமுறை. நற்பிட்டிமுனையைச் சேர்ந்த அவன், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் கடைசிக் கண்ணில் மூன்று ஏக்கர் செய்தவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனால் முதல் நாளிலிருந்தே நாங்கள் மச்சான் முறை. விடியற்காலையில் அவன் வீட்டுப் படலையடியில் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது, அவர்கள் கோயிலில் மார்கழிப் பூசைக்குச் சங்கு ஊதும் ஓசை கேட்கும். ஈரத் தலையும் திருநீறுமாய் அவன் வருவான். அவன் மனைவி ஆவி பறக்கும் பிட்டை வாழையிலையில் பொதிந்து இரண்டு பொதிகளாகத் தருவாள். அவற்றை உண்பதற்கு முன் உடுக்க வேண்டும். ஆளுக்கொன்றாய் வயிற்றோடு அணைத்துச் சட்டையை இறுக்கிக்கொண்டால் வட்டை போய்ச் சேரும்வரை அடிவயிறு சுடும். மதகடியில் இறங்கியதும் அந்தச் சூட்டைத் தின்றுவிடலாம்.

"முன்னுக்கு இரிக்கிறவனுக்குக் காத்து, பின்னுக்கு இரிக்கிறவனுக்குச் சூடு" என்று என் முதுகில் ஒட்டிக்கொண்டு சொல்வான். "நீ விதானை. நீ முன்னுக்கு இரி."

"நீ ஓட்டப் பழகினா மாறி மாறி இரிக்கலாமே, மச்சான்."

"அதுக்குத்தான் பழகாம இரிக்கன்."

அவன் முதுகுப்புறம் இருந்தால் எனக்கும் முதுகு சுடும் என்பதை அவனிடம் நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

இவற்றுக்கு மேலாக என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அக்காலத்தில் கோதுமை மா வெள்ளைத் துணிச்சாக்கில் வரும். கழுவக் கழுவப் பஞ்சுபோல் மென்மையாகும் துணி. அதில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்து, தலையையும் முகத்தையும் கழுத்தையும் மூடும்படி ஓர் உறை செய்வித்தேன். கண்களுக்கு இரண்டு துளை, மூச்சுக்கு ஒரு கீறல். என் மனைவி துளைகளின் ஓரத்தைப் பொத்தான் துளைபோல் அழகாகக் கட்டித் தந்துவிட்டு, என்னை நிறுத்திப் பார்த்தாள்.

"கோழிக்கள்ளன் மாதிரி இரிக்கிங்க."

வட்டையிலும் அப்படித்தான். ஆதம்பாவா என்று ஒரு வயலாள்; எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். என்னைவிட ஏழெட்டு வயது கூடியவர், வாயும் கூடியவர். முதல்நாள் என்னைக் கண்டதும் கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் குந்திச் சிரித்தார். "டேய், கண்ணு ரெண்டோட ஒரு சாக்கு மா நடந்து வருதுடா!" அன்று முதல் எனக்குச் 'சாக்கு விதானை' என்று பெயர். நான் கோபிக்கவில்லை. அவர்கள் மூக்கு ஒழுகி நிற்க என் முகம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்தாறு மாரிகள் அந்த உறை எனக்கு உழைத்தது.

எண்பதுகளின் நடுப்பகுதியை அடைகையில் காலம் வேறு முகம் காட்டியது. வீதியில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. விடியலில் எங்காவது ஒரு கிராமத்தைச் சீருடையினர் சுற்றி வளைப்பார்கள். ஆண்களை வெளியே அழைத்து வரிசையில் குந்தவைப்பார்கள். பிறகு வாகனத்திலிருந்து ஒருவனை இறக்குவார்கள். அவன் தலையிலிருந்து கழுத்துவரை ஒரு சாக்கு. அதில் இரண்டு கண்துளை. அவன் பேசமாட்டான். வரிசையின் முன்னால் நடப்பான். எவனுக்கு முன்னால் அவன் தலை அசைகிறதோ அவனை ஏற்றிக்கொண்டு போவார்கள். 'தலையாட்டி' என்ற சொல் எங்கள் பக்கத்தில் பிறந்தது அப்போதுதான். அந்தச் சொல்லைக் கேட்டால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள்.

என் மனைவி அந்த உறையை எடுத்து அலமாரியின் அடியில் வைத்தாள். "இனி இது வேணாங்க" என்றாள். நானும் சரியென்றேன். ஆனால் உள்ளூர எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அது என் கண்டுபிடிப்பல்லவா? யாரோ ஒருவன் கெடுத்துவிட்டான் என்பதற்காக நான் ஏன் குளிரில் சாகவேண்டும் என்று எண்ணினேன். பத்திரிகையைச் செருகிக்கொண்டு, திறந்த முகத்தோடு ஒரு மாரியை ஓட்டினேன். அடுத்த மாரியில் காதில் குத்துவலி வந்து காய்ச்சலாகக் கிடந்தேன்.

அப்படிக் கிடந்த ஒரு மார்கழி விடியலில், வாய்க்காலின் கடைசிக் கண் உடைத்து வெள்ளம் வயலுக்குள் இறங்குகிறதென்று சொல்லியனுப்பினார்கள். பயிர் கதிர் பொதிந்து குடலைக்கு வந்த நேரம். ஒருநாள் மூழ்கினாலும் போய்விடும். கனகரெத்தினம் முந்திய நாளே வயல்வாடிக் குடிசையில் தங்கியிருந்தான். காய்ச்சலோடு எழுந்தேன். மழை சாய்ந்து அடித்தது. மனைவி தொழுதுகொண்டிருந்த வேளையில் அலமாரியைத் திறந்து உறையை எடுத்து மடியில் செருகினேன். தாம்போதி தாண்டியதும் போட்டுக்கொள்வது, வட்டைக்கு முன் கழற்றிவிடுவது. வெறும் வயலில் இந்த மழையில் எவன் இருக்கப்போகிறான் என்பது என் கணக்கு.

தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. சைக்கிளை உருட்டிக் கடந்ததில் இடுப்புவரை நனைந்தேன். அப்பால் ஏறி உறையை மாட்டியதும் காதுக்கு வந்த இதத்தை இப்போதும் சொல்லமுடியும். அந்த இதத்திலேயே எல்லாவற்றையும் மறந்து ஓட்டினேன். அலரி மரத்து வளைவில் கழற்ற வேண்டும் என்று வைத்திருந்தேன். வளைவு எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது.

மதகடியில் சீருடையினர் நின்றார்கள். வாய்க்கால் கரையில் பன்னிரண்டு பேர், எல்லோரும் என் வட்டையின் ஆட்கள், வரிசையாய்க் குந்தியிருந்தார்கள். மழை அவர்கள்மேல் பெய்துகொண்டிருந்தது. என்னைக் கண்டு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆதம்பாவாக் காக்காவின் வாய் திறந்து, அப்படியே நின்றது.

நாலைந்து துவக்குகள் என் பக்கம் திரும்பின. இறங்கினேன். அடையாள அட்டையை எடுத்து நீட்டி, இந்த வட்டையின் விதானை என்றேன். மெலிந்த ஓர் அதிகாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரிசையில் இருந்த முகங்களையும் பார்த்தார். அந்த முகங்களில் இருந்த பயம் அவருக்கு ஏதோ யோசனையைக் கொடுத்திருக்கவேண்டும். நான் உறையைக் கழற்றக் கை தூக்கியபோது தடுத்தார்.

"வேணாம். அது நல்லது. நீ விதானை, எல்லாரையும் தெரியும்தானே? கைய பின்னால கட்டு. நட. வெளி ஆள் இருந்தா தலைய ஆட்டு. கதைக்கக் கூடாது."

வெளி ஆள் ஒருவருமில்லை. ஆகவே நான் செய்யவேண்டியது ஒன்றே: தலையை அசைக்காமல் நடப்பது. உலகில் இதைவிட எளிய வேலை ஏது? ஆனால் இடுப்புக்குக் கீழே நான் ஈரம், மேலே காய்ச்சல். இரண்டாம் ஆளைக் கடக்கும்போதே தாடை ஆடத் தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்தேன். நடுக்கம் தாடையிலிருந்து கழுத்துக்குப் போனது. கையால் தலையைப் பிடித்துக்கொள்ளலாமென்றால் கை பின்னால் இருந்தது. வரிசையில் இருந்தவர்களில் என்னை அறியாதவர் ஒருவருமில்லை. அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிளையும் சாக்கையும் குழந்தைகூட அறியும். உறை என்னை ஒருவரிடமிருந்தும் மறைக்கவில்லை. நான் நடுங்குகிறேன், பயந்திருக்கிறேன் என்று என் முகம் சொல்லியிருக்கக்கூடியதை மட்டும் மறைத்தது.

ஏழாவது ஆளாகக் கனகரெத்தினம் குந்தியிருந்தான். நெற்றியில் திருநீறு மழையில் கரைந்து வழிந்திருந்தது. நிமிர்ந்து துளைகளுக்கூடாக என் கண்ணைப் பார்த்தான். நான் கழுத்தை இறுக்கினேன். தாடையை நெஞ்சோடு அழுத்தினால் நடுக்கம் நிற்கும் என்று எண்ணியது நினைவிருக்கிறது. அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் குனிய எண்ணியதும் நினைவிருக்கிறது. எண்ணியதைச் செய்தேனா, செய்யுமுன் குளிர் செய்ததா, ஒன்றுமே நடக்கவில்லையா என்பதுதான் நினைவில் இல்லை.

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்ன அதிகாரி, அவனைப் பார்த்து "எழும்பு" என்றார்.

உறையைப் பிய்த்தெறிந்தேன். "ஐயா, இவன் எங்கட ஆள். மூணு ஏக்கர் செய்றவன். நான் ஆட்டல்ல ஐயா, எனக்குக் காய்ச்சல்" என்று கத்தினேன்.

"ஆட்டினதுதானே. இப்ப என்ன கதை?"

இரண்டு பேர் அவனைத் தோளில் பிடித்து நடத்தினார்கள். வாகனத்தில் ஏறுமுன் அவன் திரும்பினான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"விதானை, கடைசிக் கண் உடைச்சிரிக்கு. மண் போட்டு அடை" என்றான்.

அடைத்தேன். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து என்னோடு மண் வெட்டிப் போட்டார்கள். உறையை அன்றே வாடி அடுப்பில் எரித்தேன்.

பள்ளிவாசல் தலைவரும் கோயில் நிர்வாகியான வண்ணக்கரும் ஒப்பமிட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு, அவன் மனைவியோடு முகாம் முகாமாக வாசலில் நின்றேன். அந்தப் போகத்தில் அவனது மூன்று ஏக்கரையும் நானே பார்த்து, அறுத்து, நெல்லை அவர்கள் முற்றத்தில் இறக்கினேன். அவள் தலை நிமிராமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணன், நீங்க போட்டிருந்த அந்தச் சாக்கு எங்க?"

"எரிச்சிட்டன் தங்கச்சி."

"எரிச்சாச் சரியா?"

அதற்குப் பதில் இருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த மார்கழியில் அவன் திரும்பிவந்தான். இடக்கை மண்வெட்டிப் பிடியைச் சுற்றி மூடவில்லை. மற்றபடி அதே கனகரெத்தினம்தான். ஆனால் குரல் சிறுத்திருந்தது. முதல் விடியலிலேயே அவன் படலையில் போய் நின்றேன். சங்கு ஊதும் ஓசை கேட்டது. வெளியே வந்தவன் மோட்டார் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு வீதிக்கு நடந்தான்.

"ஏறு மச்சான்."

"நீ போ விதானை. நடந்தா உடம்பு சுடும்."

நானும் இயந்திரத்தை நிறுத்தி, உருட்டிக்கொண்டு அவனோடு நடந்தேன். தாம்போதியில் நின்று கேட்டேன்.

"மச்சான், அண்டைக்கு நான் தலைய ஆட்டினனா?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீதானே சாக்குக்குள்ள இருந்த நீ. ஒனக்குத் தெரியாதா?"

"அல்லாஹ் மேல ஆணை, தெரியா."

"அப்ப எனக்கும் தெரியா" என்றான். அவன் கண்டிருந்தான் என்பது அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. எதைக் கண்டான் என்பது தெரியவில்லை. அந்த ஒன்றையும் என் கையில் தராமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தான்.

இரண்டு போகம் கழிந்து அவர்கள் வயலை விற்று, மனைவியின் ஊரான மட்டக்களப்புப் பக்கம் போனார்கள். அவன் இறந்த செய்தி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பின்னரே எனக்கு வந்தது. வரிசையில் இருந்த மற்றவர்களையும் காலம் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டது. இருவர் பிற்பட்ட ஆண்டுகளில் வயலுக்குப் போய்த் திரும்பவில்லை. சிலர் வெளிநாடு போய் அங்கேயே மௌத்தானார்கள். எஞ்சியிருந்தவர் ஆதம்பாவாக் காக்கா ஒருவரே. அன்று அவர் ஆறாவது ஆள். கனகரெத்தினத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக வெள்ளிதோறும் ஜும்ஆவில் அவரைக் கண்டேன். ஸலாம் சொல்வேன். மழை பற்றிக் கதைப்போம். கேட்க எண்ணிப்போன வெள்ளிகள் எத்தனையோ. ஒருமுறை அவரே, "விதானை, என்னவோ கேக்கப்போறாப்போல இரிக்கி" என்றார். "ஒண்டுமில்ல காக்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

போன மாதம் அவர் மௌத்தானார். ஜனாஸாவில் நின்றேன், மூன்று பிடி மண் போட்டேன். அன்று காலை என் தலை அசைந்ததா என்பதைக் கண்ட கண்களில் ஒரு சோடிகூட இனி இவ்வூரில் இல்லை என்று மையவாடி வாசலில் எனக்கு உறைத்தது. கேட்காமல் விட்டேனே என்ற வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது ஆறுதல்.